கேரவனைப் பூட்டும் நாள்

வெயில் காலம் வருவதற்குள் கேரவனைக் கழுவித் துடைத்து மூடி வைக்க வேண்டும். நான் அந்த அரபி வீட்டில் சமையலுக்கு இருந்த வருஷங்களில் எல்லாம் அது என் வேலைதான். இந்த வளைகுடா நாட்டில் குளிர் மாதங்களில்தான் குடும்பத்தோடு மணலில் போய்த் தங்குவார்கள். நவம்பரில் பாலைவனத்துக்குப் போகிற கேரவன் மே மாதம் பிறக்கும்போது திரும்பி வரும். ராஸ் அல் கைமா பக்கம், மலையடிவாரத்தில், வண்டிகள் நிற்கிற ஒரு யார்டில் அதை நிறுத்திப் பூட்டிவிட்டால் மறுபடி அக்டோபரில்தான் கதவு திறக்கும். நடுவில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது அந்த அக்டோபரை நினைத்துத்தான்.

சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி பெரிய கேரவன் இல்லை. இங்கேயே ஒரு பட்டறையில் செய்தது. சக்கரம் வைத்த நீளப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் அடுப்பும் தொட்டியும் ஃபிரிஜ்ஜும். நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் படுக்கை. ஜன்னல்கள் தள்ளித் திறப்பவை, ஆனால் திருட்டுக்குப் பயந்து வெளியே இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். கதவுக்கு வெளித் தாழ்ப்பாளும் பெரிய பூட்டும். உள்ளே இருக்கிற கைப்பிடி என்றைக்கோ உடைந்துபோனது. மணலில் இருக்கும்போது கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், அதனால் யாரும் அதைச் சரி செய்யவில்லை.

மூடி வைப்பது என்றால் சும்மா பூட்டுவது இல்லை. தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடிக்க வேண்டும், இல்லையென்றால் வெந்து நாறிப்போகும். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். பேட்டரி ஒயரைப் பிடுங்க வேண்டும். ஃபிரிஜ்ஜை வினிகர் போட்டுத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு மரத்துண்டைச் செருக வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு உட்பக்கம் வெள்ளித்தாள் ஒட்ட வேண்டும். கூரையில் காற்று போகிற ஓட்டையைப் பஞ்சு வைத்து அடைத்து டேப் போட வேண்டும். தொட்டியின் குழாய் வழியாகக் கரப்பான் வராமல் துணி திணிக்க வேண்டும். பாத்திரம், மெத்தை, போர்வை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பூட்டிய பிறகு மேலே தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டுவார்கள்.

இதில் ஒன்றைக்கூட நான் மறக்க மாட்டேன். ஒரு வருஷம் மறந்தேன். லபன் என்கிற அரபிக் கட்டித் தயிர் ஒரு டப்பா, ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில், மூலையில் இருந்துவிட்டது. அக்டோபரில் கதவைத் திறந்தபோது வந்த நாற்றத்தை என்னால் எழுத முடியாது. டப்பா வீங்கி வெடித்து, உள்ளே இருந்தது கறுத்துக் காய்ந்து, தட்டோடு ஒட்டிப் போயிருந்தது. கத்தியால் சுரண்டித்தான் எடுத்தேன். ஐந்து மாத வெயில் ஒரு பொருளை என்ன செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த வீட்டு அம்மாவை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். அரபி வீடுகளில் வேலைக்காரர்கள் எல்லோரும் எஜமானியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முதல் ஆறு மாதம் அந்தச் சொல் வாயில் வரவே இல்லை. அவர் நல்லவர்தான். நான்தான் யாரிடமும் வாய் திறக்காதவள். அந்நிய ஆண்கள் காதில் பெண்ணுடைய குரல் விழக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள், அது அப்படியே ஊறிப்போய்விட்டது. காரில் ஏறினால் கடைசி வரிசையில் கறுப்புக் கண்ணாடி ஓரமாக, பைகளோடு பையாக உட்கார்ந்துகொள்வேன். ஒருதரம் பாதி வழியில் மாமா பதறிப்போய், "ஐயோ, அவளை விட்டுவிட்டு வந்துவிட்டோமா?" என்று பிள்ளைகளைக் கேட்டார். நான் பின்னால்தான் இருந்தேன். இருக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டிரைவர் சிவகங்கைப் பக்கத்து ஆள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு சிமெண்ட் கம்பெனி கேம்பில் இருந்தவர், இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னை ஆத்தா என்று கூப்பிடுவார். "ஆத்தா, நீங்க பேசுறதக் கேக்க எனக்கு ஒரு மெஷின் வேணும். மாமாகிட்டச் சொல்லி வாங்கித் தரச் சொல்லுங்க" என்று கேலி செய்வார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பேன். அதோடு சரி.

அந்த மே மாதம் நானும் மாமாவும் அவருடைய காரில் யார்டுக்குப் போனோம். டிரைவர் கேரவனைப் பிக்கப்பில் இழுத்துக்கொண்டு முன்னால் போயிருந்தார். காலை முழுக்க வேலை. பத்து மணிக்கே தரை சுட்டது. கேரவனைத் துடைத்துவிட்டதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். படிக்குப் பக்கத்தில் வெயிலில் விட்டால் ரப்பர் கொதித்துக் காலைப் பொசுக்கிவிடும் என்று, செருப்பை மாப் வாளிக்குள் போட்டு, மேலே ஈரத்துணியை மூடி வைத்தேன். என் கைப்பையை மெத்தை, போர்வைகளோடு பிக்கப்பில் ஏற்றியாகிவிட்டது. போன் அந்தப் பைக்குள்.

எப்போதும் மாமாவோடுதான் திரும்புவேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைச் சீக்கிரம் கூட்டிப் போகச் சொல்லி மாமாவுக்குப் போன் வந்தது. நான் அப்போது கடைசி ஜன்னலுக்கு வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று, நீ டிரைவரோடு வந்துவிடு என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே போய்விட்டார். டிரைவர் அந்நேரம் வண்டிக்கு அடியில் படுத்து ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது கேட்கவில்லை. மாமாவின் கார் போகிற சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவரே பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

லுஹர், அதாவது நண்பகல் தொழுகை நேரம் ஆகிவிட்டது. வெளியே ஆண்கள் நடமாடுகிற இடத்தில் தொழ எனக்குக் கூச்சம். ஒரு பாட்டில் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு, திரைக்குப் பின்னால் பாயை விரித்துத் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தேன். நான்கு ரக்அத்து, நின்று குனிந்து தரையில் நெற்றி வைத்து எழுகிற சுற்று நான்கு.

மூன்றாவது ரக்அத்தில் டிரைவரின் குரல் வாசலில் கேட்டது.

"உள்ள ஆரும் இருக்கீகளா?"

தொழுகையில் நிற்கிறவரை யாராவது கூப்பிட்டால், ஆண்கள் வாய்விட்டு சுப்ஹானல்லாஹ் சொல்வார்கள். பெண்கள் குரல் கொடுக்காமல், வலது உள்ளங்கையால் இடது புறங்கையில் தட்ட வேண்டும். முன்பு இருந்த டிரைவர் நம்மவர், முஸ்லிம். இரண்டு தட்டுத் தட்டினால், தொழுகிறார்கள் என்று விளங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். நான் அதே நினைப்பில் தட்டினேன். டப், டப்.

"இந்தத் தார்ப்பாய் இப்பவே ஆட்டம் போடுது. கட்டுறதுக்குள்ள நம்மளத் தூக்கிட்டுப் போயிரும்போல" என்று அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டது கேட்டது.

பிறகு கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு கடிக்கிற சத்தம்.

உயிருக்கு ஆபத்து என்றால் தொழுகையை முறித்துக்கொள்ளலாம் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது ஞாபகம் வந்தது. ஆனால் அந்த நிமிஷம் அதை ஆபத்தென்று மனசு எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு ரக்அத்துதானே, முடித்துவிட்டுக் கதவைத் தட்டினால் திறந்துவிடுவார் என்று நின்றேன். ஒரு பக்கம் முன்பே கட்டி வைத்திருந்த தார்ப்பாய் தலைக்கு மேல் இழுபடுகிற சத்தம் கேட்டது. வெள்ளித்தாள் ஓரங்களில் கசிந்துகொண்டிருந்த வெளிச்சமும் ஒவ்வொன்றாக அணைந்தது. நான் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் இருந்தபோது பிக்கப் ஸ்டார்ட் ஆனது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு எழுந்து ஓடினேன். இருட்டில் ஃபிரிஜ் கதவில் முழங்கால் இடித்தது. கதவைத் தட்டி, "தம்பி" என்றேன். அந்தச் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. டயருக்கு அடியில் ஜல்லி நொறுங்குகிற சத்தம் தூரப் போய்க்கொண்டிருந்தது. "தம்பி, நான் இருக்கேன்" என்று இன்னொருதரம் சொன்னேன். அதற்குள் மலையிலிருந்து கல் ஏற்றி வருகிற லாரிகள் வரிசையாகப் போக ஆரம்பித்துவிட்டன. தரையே அதிர்ந்தது. லாரிகள் போய் முடிந்தபோது பிக்கப்பின் சத்தம் இல்லை.

கதவு திறக்கவில்லை. கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஏதோ இரும்பு தட்டுப்பட்டது, அசையவில்லை.

முதலில் பெரிதாகப் பயம் இல்லை. வீட்டுக்குப் போனதும் தேட மாட்டார்களா என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. நான் டிரைவரோடு வருகிறேன் என்று மாமா நினைப்பார். நான் மாமாவோடு போய்விட்டேன் என்று டிரைவர் நினைப்பார். வீட்டில் நான் சமையல்கட்டுப் பக்கத்து அறையில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சாயந்தரம் தேநீர் வரவில்லை என்றால்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து அவர்கள் வெளியே விருந்துக்குப் போகிறவர்கள். அப்படியென்றால் மறுநாள் காலை. வெயில் அதுவரை பொறுக்குமா?

கையை வைத்துப் பார்த்தேன். சுவர் சுட்டது.

குழாயைத் திருகினேன். அது இருமியது. தண்ணீரை நான்தான் வடித்திருந்தேன். விளக்கு ஸ்விட்சைத் தட்டினேன். ஒயரைப் பிடுங்கச் சொல்லி டிரைவருக்கு ஞாபகப்படுத்தியதும் நான்தான். கூரை ஓட்டையைப் பார்த்தேன். ஏணி மேல் ஏறி நின்று, காற்று புகாமல் இரண்டு சுற்று டேப் போட்டிருந்தேன். இப்போது ஏணி இல்லை. தொட்டியின் மேல் ஏறினால் எட்டும்போல் இருந்தது. ஏறினேன், தலை சுற்றியது, இறங்கிவிட்டேன். அந்தக் காலை முழுக்க நான் செய்த வேலை எல்லாம் என் கழுத்தைப் பிடிக்கச் செய்த வேலை மாதிரி ஆகிவிட்டது. அதுவும் எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன்!

ஒரு ஜன்னலின் வெள்ளித்தாளை நகத்தால் கிழித்தேன். கண்ணாடியைத் தள்ளினேன். கம்பி, அதற்கு வெளியே தார்ப்பாய். கம்பிக்குள் கையை விட்டுத் தார்ப்பாயைத் தள்ளினால் நாலு விரல் அளவுக்கு விலகியது. அங்கிருந்து வந்த காற்று அடுப்பின் வாயிலிருந்து வருகிற காற்றுதான், ஆனாலும் முகத்தை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

ஒளுச் செய்த பாட்டிலில் கால்வாசி மீதி இருந்தது. அது வெந்நீராகியிருந்தது. ஒரு வாய் குடித்தேன், கொஞ்சத்தைத் தொழுகைத் துணியில் ஊற்றித் தலையில் போட்டுக்கொண்டேன். மீதியைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். மூடியைத் திருகித் திருகிப் பார்த்தேன். திறந்திருந்தால் ஆவியாகிவிடும் என்று ஒரு பயம்.

ஃபிரிஜ்ஜில் செருகியிருந்த மரத்துண்டைப் பிடுங்கிக் கதவில் அடித்தேன். பத்து அடி அடித்தால் மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிடுவேன். பிறகு எழுந்து பத்து அடி. லாரி போகும்போது அடிப்பது வீண் என்று காத்திருப்பேன். ஆனால் லாரி இல்லாத நேரமே கிடைக்கவில்லை. யார்டின் காவல்காரர் இந்தி பேசுகிறவர், எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டுப் பக்கத்தில், ஏ.சி. ஓடுகிற ஒரு சின்ன அறையில் இருப்பார். நடுவில் எத்தனையோ வண்டிகள், எல்லாம் இதே மாதிரி போர்த்திக் கட்டியவை. அந்தப் போர்த்திய வண்டிகளை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது.

வியர்வை நின்றுபோனதைக் கவனித்தேன். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அப்போதுதான் அந்த லபன் டப்பா ஞாபகம் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அதுவே வந்தது. கீழ்த்தட்டில், மூலையில், கறுத்துக் காய்ந்து ஒட்டிப்போய். அக்டோபரில் கதவைத் திறக்கிறவர் யாராக இருக்கும்? அந்த வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கப்போவது பிள்ளைகளாக இருந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். என்னைச் சுரண்டி எடுக்கப்போகிறவர்கள் முன்னால் என் துணி ஒழுங்காக இருக்க வேண்டுமே என்றும் நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், காலை நீட்டிப் படுத்து, பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சாகும்போது வாயில் இருக்க வேண்டிய கலிமாவைச் சொன்னேன். பாதியில் ஒரு சொல் ஞாபகம் வரவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஆனதில்லை. அந்தப் பயம்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. சாவதுகூட இல்லை, கலிமா மறந்து சாவதா? எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "யாராவது இருக்கீங்களா! நான் உள்ளே இருக்கேன்! பாய்! பாய்!" யாரோ வேறு ஒரு பொம்பளை, சந்தையில் சண்டை போடுகிறவள் கத்துகிற மாதிரி இருந்தது. அந்தக் குரல் இத்தனை வருஷம் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து, மூச்சு விடாமல் கத்தினேன். லாரி போனாலும் கத்தினேன். தொண்டை கிழிந்து வெறும் காற்றுதான் வந்தது, அப்போதும் கத்தினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கயிறு அறுபடுகிற சத்தம் கேட்டது.

"ஆத்தா! ஆத்தா! உள்ள இருக்கியா? உசுரோட இருக்கியா ஆத்தா?"

டிரைவர் குரல். வழக்கமாக மரியாதையாகப் பேசுகிறவர், அன்றைக்கு நீ என்றுதான் கூப்பிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதில் சொல்வதற்கு முன்னால் தரையில் தடவி, விழுந்துகிடந்த துணியைத் தேடி எடுத்து முக்காடு போட்டேன். போட்ட பிறகுதான், "இருக்கேன்" என்றேன். குரல் இல்லை. மரத்துண்டால் தட்டினேன்.

"தட்டுறாக! தட்டுறாக! பாய், சாவி! சாவி லாவோ, ஜல்தி!"

சாவியைக் காவல்காரர் அறையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் யார்டு வழக்கம். காவல்காரர் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தாராம், எந்தச் சாவி என்று தெரியாமல் ஒரு கொத்தையே கொண்டுவந்தாராம். டிரைவர் பொறுக்கவில்லை. ஜாக்கிக் கம்பியைப் பூட்டில் கொடுத்து நெம்பிவிட்டார். கதவு திறந்தபோது வெளியே இருந்த வெயில் எனக்குக் குளிர்ந்த காற்றாக இருந்தது.

பிக்கப்பின் நிழலில் என்னை உட்காரவைத்து, காவல்காரர் ஐஸ் தண்ணீரைத் துணியில் நனைத்துக் கொடுத்தார். டிரைவர் எனக்கு எதிரே தரையில் குந்திக்கொண்டு என் செருப்பைக் கையில் வைத்திருந்தார். நீல வார், ஒரு பக்கம் அறுந்து ஊக்கு குத்தியது.

"பெட்ரோல் பங்குல கண்ணாடி கழுவலாம்னு வாளிய எடுத்தேன் ஆத்தா. துணிய எடுத்தா உள்ள இது கெடக்கு. ஊக்கப் பாத்ததும் ஒங்களுதுன்னு தெரிஞ்சு போச்சு. செருப்பு இங்க இருந்தா ஆளு எங்கன்னு ஒங்க நம்பருக்கு அடிச்சேன். எனக்குப் பின்னாடியே மெத்தைக்குள்ள மணி அடிக்குது. எனக்குக் கையுங் காலும் ஓடல."

"வெயில்ல சுடும்னுதான் வாளிக்குள்ள போட்டேன்" என்றேன், ஏதோ தப்புச் செய்தவளாக.

"நல்லாப் போட்டீக போங்க! வாசல்ல கெடந்திருந்தா நான் பூட்டியிருப்பேனா? செருப்பு வெளிய கெடந்தா ஆளு உள்ள இருக்குன்னு கூடவா எனக்குத் தெரியாது?" என்றவர், முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டேனே ஆத்தா. உள்ள ஆரும் இருக்கீகளான்னு கேட்டேனே. ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

"குடுத்தேன் தம்பி."

நான் கையைத் தட்டிக் காண்பித்தேன். டப், டப். "தார்ப்பாய் அடிக்குதுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

கதவு பூட்டி ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்ததாம். நான் ஒரு நாள் என்று நினைத்தேன்.

மாமாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். டிரைவருக்கு வேலை போய்விடும், என்னையும் வயதாகிவிட்டது என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயமும் சின்னப் பயம் இல்லை. டிரைவர் புதுப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, சாவியைக் காவல்காரரிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோது மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ரொம்ப அடித்துவிட்டது, போய்ப் படு என்றார். மூன்று நாள் தொண்டையில் சத்தம் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷமும் மே மாதம் வந்தது. போகாமல் இருக்க என்ன சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன், ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. போனேன். செருப்பை வாளிக்குள் போடவில்லை. ஒன்றைக் கதவிடுக்கில் குறுக்கே வைத்தேன், சாத்தினாலும் மூடிக்கொள்ளாதபடி. அதுவும் போதாமல் வேலை முடிகிறவரை எதையாவது பேசிக்கொண்டே இருந்தேன். ஃபிரிஜ் துடைக்கிறேன், தாள் ஒட்டுகிறேன் என்று. வெளியிலிருந்து டிரைவர், "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா காரிலிருந்து தலையை நீட்டி, இந்த இரண்டு பேருக்கும் இன்றைக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டார்.

லுஹருக்குக் கேரவனுக்கு வெளியே, நிழல் விழுந்த பக்கம் பாயை விரித்தேன். காவல்காரர் போய்வருகிற வழிதான் அது. கூச்சமாக இருந்தது. தொழுதேன்.

எல்லாம் முடிந்து கதவைச் சாத்தப் போகும்போது டிரைவர் உள்ளே தலையை விட்டு, திரையை விலக்கி, இரண்டு பக்கமும் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். "ஆத்தா, இருக்கீகளா?" என்று கேட்டார், திரும்பிப் பார்க்காமலேயே. "இருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னேன். பூட்டினார். தார்ப்பாயைக் கட்டினார். பிக்கப்பில் ஏறப் போனவர் நான் வராததைப் பார்த்துக் கூப்பிட்டார்.

நான் கேரவனின் பக்கச் சுவரில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தேன். தார்ப்பாய் சுட்டது. இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளேயிருந்து யாரும் தட்டவில்லை. இருந்தாலும் இன்னொருதரம் தட்டி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.